ஒவ்வொரு ஒயராக

அந்த சீட்டிலேயே உட்காருங்க நர்ஸம்மா. கார் சீட்டுதான், எங்க வீட்டுக்காரர் கழட்டிக் கொட்டகை நிழலில் போட்டிருக்கார். காலையில்தான் துடைச்சேன், சேலையில் ஒட்டாது. நான் இந்தப் பலகையிலேயே இருந்துக்கறேன், பிள்ளை தாரிகாவும் இங்கேதான் இருப்பா. கைவேலையை நிறுத்த முடியலைங்க, தப்பா நினைச்சுக்காதீங்க. விதைக் கடலைக்காய். காட்டில் உழவு நடக்குது, அத்தை அங்கே நிற்கறாங்க, சாயங்காலத்துக்குள் உரிச்சுக் கொண்டுபோகணும். மிஷினில் போட்டா பருப்பு உடைஞ்சுபோகும், உடைஞ்சது முளைக்காது. அதனால் கையால்தான். மூக்கில் இப்படி ஒரு அழுத்து அழுத்தினா வாய் திறந்துக்கும். சிலதை உரிக்கவே வேண்டாம், காதுகிட்ட வெச்சு ஆட்டினாலே கலகலன்னு கேட்கும். உள்ளே பருப்பு சூம்பிக் கிடக்குன்னு அர்த்தம். அதை அந்தப் பக்கம் போட்டுடறது.

இவளும் ஆட்டிப் பார்க்கறா பாருங்க. நான் எப்படிச் செய்யறனோ அப்படியே செய்வா. காதில் வெச்சு ஆட்டி, முகத்தைச் சுளிச்சு, அந்தப் பக்கம் போடுவா. எது நல்ல காய், எது சூம்பின காய்னு இவளுக்கு அத்துப்படி. இப்போ போட்டாளே, அது நல்ல காய்தான். பரவாயில்லைங்க, பொறுக்கிக்கலாம்.

பால்வாடி டீச்சர் சொல்லித்தான் வந்திருக்கீங்கன்னு தெரியுமுங்க. நீங்க ஊருக்குப் புதுசு, உங்ககிட்ட நான் என்ன மறைக்கப்போறேன். இவ பேரைச் சொல்லிக் கூப்பிட்டா திரும்பலை, வாயும் இன்னும் பேசலை, ஈரோட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் காதை ஒரு தடவை காட்டிட்டு வந்துடுங்கன்னு டீச்சர் பங்குனியிலேயே சொன்னாங்க. சீக்கிரம் காட்டினா நல்லதுன்னும் சொன்னாங்க. நாளைக்கு அங்கே அந்த டாக்டர் வர்ற நாள்னு நீங்க சொல்றதும் புரியுது. போகக்கூடாதுன்னு ஒண்ணும் இல்லைங்க. வண்டி வேலை முடியலை. அதுதான் விஷயம். வேற ஒண்ணும் இல்லை.

எனக்கு ஆளைப் பார்த்துப் பேச வராதுங்க. ஆறாவதோட நின்னுட்டேன், அதிலிருந்து வீடு, காடு, வீடுதான். சத்தமாப் பேசினா நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். பிள்ளையைக்கூட நான் சத்தம் போட்டுக் கூப்பிட்டதில்லை. பலகையில் இப்படி ரெண்டு தட்டுத் தட்டுவேன். பாருங்க, திரும்பிட்டா. எனக்கு அது பழகிப்போச்சு, இவளுக்கும் பழகிப்போச்சு. பெத்த புள்ளையக் கூப்பிடறதுக்குக்கூடவா உனக்கு வாய் வராதுன்னு அத்தை கேலி பேசுவாங்க.

வண்டி வாங்கினது தை மாசம். பழைய வண்டிதான், ஏழு பேர் உட்காரலாம். அதுவரைக்கும் தாரிகா அப்பா இன்னொருத்தர் வண்டியைத்தான் ஓட்டிட்டு இருந்தார். சொந்த வண்டின்னதும் அவருக்குக் கால் தரையில் பாவலை. கல்யாண வாடகைக்கும் பழனி வாடகைக்கும் வர்றவங்க ஏறி உட்கார்ந்ததும் முதலில் கேட்கறது பாட்டுதானாம். வண்டி ஓடுதோ இல்லையோ பாட்டு ஓடணும் என்பார். அதனால் பாட்டுக்குன்னே தனியா செஞ்சார். கதவுக்குக் கதவு ஸ்பீக்கர், முன்சீட்டுக்கு அடியில் ஆம்ப்ளிஃபயர், கடைசியில் அடிச்சா வண்டியே அதிர்ற மாதிரி இத்தனை பெரிசு பேஸ் பாக்ஸ். கடையில் கொடுத்து மாட்டலை. போனில் வீடியோ பார்த்துப் பார்த்து அவரே மாட்டினார். இந்தப் பலகைகூட அந்த பாக்ஸுக்கு அடியில் விரிக்கறதுக்காக அறுத்ததுதான்.

முதல் வாடகை தாராபுரம் பக்கம் ஒரு கல்யாணம். போயிட்டு வந்தவர் முகமே சரியில்லை. பாட்டுக்கு நடுவில் ஙொய்ன்னு ஒரு சத்தம் வந்துட்டே இருந்துச்சாம். ஆக்ஸிலேட்டரை மிதிச்சா அதுவும் மேலே ஏறுதாம், காலை எடுத்தா இறங்குதாம். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருத்தர், "ஏப்பா டிரைவரு, வண்டிக்குள்ள கொசு வளக்கறியா, அதுக்கும் சேத்தித்தான் வாடகையா"ன்னு கேட்டிருக்கார். வண்டி முழுக்கச் சிரிப்பு. திரும்பி வர்ற வழியெல்லாம் பாட்டே போடாமல் வந்தாராம். அன்னைக்குச் சோறு வேண்டாம்னுட்டார்.

மறுநாளிலிருந்து வாடகை இல்லாத நேரமெல்லாம் அதே வேலை. என் வேலை முன்னாடி உட்கார்ந்து மிதிக்கறது. எனக்கு வண்டி ஓட்டத் தெரியாதுங்க, மிதிக்க மட்டும் தெரியும். அவர் உள்ளே எங்கேயாவது தலைகீழாப் படுத்திருப்பார். "ம்" என்பார், நான் மிதிப்பேன். "உடு" என்பார், விட்டுடுவேன். இவ கடைசி சீட்டில் பாக்ஸ் மேலே கன்னத்தை வெச்சுப் படுத்திருப்பா. அவ்வளவு சத்தத்திலும் தூங்கிடுவா. கொலுசு சத்தத்துக்கே முழிச்சுக்கற பிள்ளைங்க எத்தனை இருக்கு. எங்களுக்கு அந்தத் தொந்தரவே கிடையாது. தொட்டிலில் இருந்த காலத்திலிருந்தே அப்படித்தான்.

இஞ்சினை நிறுத்திட்டுப் பாட்டுப் போட்டா சுத்தமா இருக்கும். இஞ்சின் ஓடினா ஙொய். அப்போ கரண்டு வர்ற வழியில்தான் எங்கேயோ கோளாறுன்னு சொன்னார். அவருக்கு ஒரு முறை இருக்குங்க. எதையும் ஊகமாச் சொல்லக்கூடாது, ஒவ்வொரு ஒயராக் கழட்டிப் பார்க்கணும், எதைக் கழட்டினா நிற்குதோ அங்கேதான் கோளாறு. முதலில் போன் சார்ஜரைப் பிடுங்கினார். கொஞ்சம் இரைச்சல் குறைஞ்சது, ஙொய் நிற்கலை. பாட்டைச் சுத்தமாக் குறைச்சு வெச்சுப் பார்த்தார். பாட்டு அடங்கிடுச்சு, அது அடங்கலை. அப்போ பாட்டுப் பெட்டி இல்லை, அதுக்கப்புறம் எங்கேயோன்னார். காங்கேயத்தில் ஒரு கடைக்காரர் சொன்னார்னு ஃபில்டர்னு ஒண்ணு வாங்கிட்டு வந்து மாட்டினார். பாட்டு மழுங்கிப்போச்சு, சத்தம் அப்படியே இருந்தது. கழட்டி எறிஞ்சார்.

அந்தச் சமயத்தில்தான் டீச்சர் சொன்னாங்க. நான் வீட்டில் வந்து சொன்னேன். சொல்றதுக்கே ரெண்டு நாள் ஆச்சு, எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியலை. அத்தை சிரிச்சாங்க. எம் மகன் பூபதியும் பள்ளிக்கூடம் போற வயசு வரைக்கும் வாயைத் திறக்கலை, இன்னைக்கு நிறுத்தச் சொன்னா நிறுத்தறானான்னாங்க. அவர் எழுந்து வந்தார். இவளைத் தூக்கிட்டுப்போய்ப் பின்னாடி பாக்ஸ் பக்கத்தில் நிறுத்தினார். ஒரு குத்துப்பாட்டுப் போட்டார். இவ சிரிச்சா பாருங்க, அப்படி ஒரு சிரிப்பு. பாக்ஸ் மேலே ரெண்டு கையையும் வெச்சுக்கிட்டு முழங்காலை மடக்கி மடக்கி ஆடினா. தாளம் தப்பலை. நிறுத்தினார், நின்னுட்டா. போட்டார், ஆடினா.

"காது கேக்காத புள்ள பாட்டுக்கு ஆடுமா?"ன்னு கேட்டார்.

அத்தை கை தட்டினாங்க. நானும் சிரிச்சேன். டீக்கடையில், கோயிலில், போற இடமெல்லாம் அதைச் சொன்னார். சொந்தக்காரங்க யார் வந்தாலும் கூட்டிட்டுப்போய் ஆடிக் காட்டச் சொல்வார். அதுக்கப்புறம் ஈரோட்டுப் பேச்சை யாரும் எடுக்கலை. டீச்சரை வழியில் பார்த்தா நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போயிடுவேன். அவங்களும் கூப்பிட்டு நிறுத்தினதில்லை.

சத்தம் மட்டும் போகலை. பாட்டு வர்ற ஒயரும் கரண்டு ஒயரும் ஒரே பக்கமாப் போனா ஒண்ணோட சத்தத்தை ஒண்ணு இழுத்துக்குமாம். தரை விரிப்பைத் தூக்கி ஒண்ணை அந்தப் பக்கம், ஒண்ணை இந்தப் பக்கம்னு பிரிச்சுப் போட்டார். கொஞ்சம் குறைஞ்சது. இன்னும் இருந்தது. அப்புறம்தான் பாக்ஸைக் கழட்டினார். அதுக்குத் தனியா ஒரு கரண்டு ஒயர் போகுது, அது வழியா வருதான்னு பார்க்க.

அன்னைக்கு நான் எப்பவும்போல முன்னாடி இருந்தேன். இவ பின்னாடி பாக்ஸ்கிட்ட. பாக்ஸ் ஒயரைப் பிடுங்கிட்டு, கதவு ஸ்பீக்கரில் மட்டும் பாட்டுப் போட்டார். நல்ல சத்தம்தான். இவ ஆடலை. பாக்ஸ் மேலே கையை வெச்சுப் பார்த்தா. தட்டினா. தூங்கறவங்களை எழுப்பற மாதிரி மறுபடியும் தட்டினா. அப்புறம் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தா. சத்தம் பத்தலையோன்னு அவர் இன்னும் ஏத்தினார். எனக்குக் காது அடைச்சுப்போச்சு, கொட்டகையில் இருந்த கோழியெல்லாம் சிதறி ஓடுது. இவ பாக்ஸைத் தட்டிட்டே இருக்கா. உதடு பிதுங்கி அழுகை வந்துடுச்சு.

அவர் பாக்ஸ் ஒயரை மறுபடி மாட்டினார். ஆடினா. பிடுங்கினார். நின்னுட்டா. மாட்டினார். ஆடினா. நான் பாட்டுக்கு மிதிச்சுட்டே இருக்கேன். சத்தத்தைத்தான் தேடறார்னு நினைச்சேன். கடைசியில், "போதும் சுகுணா, இஞ்சினை ஆஃப் பண்ணு"ன்னார். நிறுத்தினேன். நிறுத்தின பிறகும் ஒயரைப் பிடுங்கறதும் மாட்டறதுமா அப்படியே இருந்தார். இஞ்சின் ஓடாத வண்டியில் அந்தச் சத்தம் வராதேன்னு எனக்கே தெரியும், அவருக்குத் தெரியாதா. கேட்கலாம்னு வாய் வரைக்கும் வந்தது. கேட்கலை. பிள்ளைக்குக் கதவு ஸ்பீக்கர் பாட்டுப் பிடிக்கலை, அதிர்ற பாட்டுத்தான் பிடிக்குதுன்னு நானா நினைச்சுக்கிட்டேன். உள்ளே வந்து சோறு வடிச்சேன். எனக்கு ஒண்ணும் தோணலைங்க. அழுகைகூட வரலை. கஞ்சித்தண்ணி கையில் பட்டிருக்கு, அத்தை சொல்லித்தான் பார்த்தேன்.

அதுக்கு அடுத்த நாளே கோளாறு கிடைச்சுடுச்சு. கேளுங்க, எத்தனை சின்ன விஷயம். ஆம்ப்ளிஃபயரோட எர்த்து ஒயரை சீட்டு போல்ட்டில் மாட்டியிருந்தார். அந்த இடத்தில் பெயிண்ட் இருந்திருக்கு. பெயிண்ட் மேலே மாட்டினா எர்த்து பிடிக்காதாம். மேலே பார்த்தா இறுக்கமாத்தான் இருக்கும், இழுத்தாலும் வராது, ஆனா உள்ளே ஒண்ணை ஒண்ணு தொடாதாம். உப்புத்தாளை வெச்சு வெள்ளைத் தகரம் தெரியறவரைக்கும் தேய்ச்சார். மாட்டி முறுக்கினார். "ம்" என்றார். மிதிச்சேன். ஒண்ணுமே இல்லை. அடிவரைக்கும் மிதிச்சேன். பாட்டு மட்டும்தான் வருது, கொசுவைக் காணோம்.

எத்தனை மாசப் பாடு. சந்தோஷப்படுவார்னு நினைச்சேன். டவுனுக்குப் போய் நாலு பேர்கிட்டச் சொல்லிட்டு வருவார், இவளையும் என்னையும் ஏத்திக்கிட்டு அப்படியே ஈரோடு போயிட்டு வந்துடலாம் என்பார்னுகூட நினைச்சேன். கையில் உப்புத்தாளோட உட்கார்ந்தே இருந்தார். அப்புறம் ஸ்பேனரை எடுத்து சீட்டைக் கழட்ட ஆரம்பிச்சார். நீங்க உட்கார்ந்திருக்கறதுதான் முதலில் கழட்டினது.

எதுக்குன்னு கேட்டேன். இன்னும் கேக்குதுன்னார். எனக்குக் கேட்கலைங்களேன்னு சொன்னேன்.

"உனக்குக் கேக்காது"ன்னார்.

சொல்லிட்டு என்னைப் பார்த்தார். நான் என்ன செஞ்சேன்னு தெரியலை, அவர் அந்தப் பக்கம் திரும்பிட்டார். அதிலிருந்து இன்னைக்கு வரைக்கும் இதே கதைதான். டிரைவர் சீட்டைத் தவிர ஒரு சீட்டும் உள்ளே இல்லை. வைகாசி முகூர்த்தமெல்லாம் போச்சு. வாடகைக்குக் கூப்பிட்டா வண்டி வேலையில் இருக்குன்னுடறார். இஞ்சின் ஓடாத வண்டியில் கதவுக்குக் கதவு காதை வெச்சுப் படுத்திருக்கார். பூபதிக்கு வண்டிக் கிறுக்குப் பிடிச்சிருக்குன்னு ஊரே பேசுது. எனக்கு அதுதான் வருத்தம். உழைக்கற மனுஷன், ஒரு சத்தத்துக்காக இப்படி உட்கார்ந்துட்டாரேன்னு.

போன வாரம் ஹாரனைப் பார்த்தார். அதில் என்ன கோளாறோ. இவ வண்டிக்கு முன்னாடி மண்ணில் விளையாடிட்டு இருந்தா, முதுகு வண்டிப்பக்கம். அவர் ஹாரனை அமுக்கினார் பாருங்க, எனக்குத் தூக்கிவாரிப் போட்டுடுச்சு. பக்கத்துக் காட்டில் வேலை செஞ்சவங்க எல்லாம் என்னமோ ஏதோன்னு எட்டிப் பார்த்தாங்க. விடாமல் அமுக்கினார். இவ பாட்டுக்கு மண்ணை அள்ளி அள்ளிக் கொட்டறா. பயமே இல்லாத பிள்ளைங்க இவ. அவர் இறங்கி வந்து இவளைத் தூக்கிக்கிட்டார். ரொம்ப நேரம் கீழே விடலை. கையெல்லாம் கிரீஸ், இவ சட்டை பூரா அப்பிடுச்சு. அது இன்னும் போகலை, அதோ கொடியில் கிடக்கு பாருங்க.

பஸ்ஸில் போகலாமேன்னு நானும் சொன்னேங்க. சொல்லாமல் இல்லை. நம்ம வண்டி இருக்கறப்ப பஸ் எதுக்கு, வேலை முடியட்டும், நம்ம வண்டியிலேயே போகலாம்னார். அதுவும் சரிதானே. நான் தனியா ஈரோடு போனதில்லை. அங்கே போய் யார்கிட்ட என்னன்னு கேட்பேன். பேர் என்ன, பிள்ளைக்கு என்னன்னு கேட்டா என்ன சொல்றது.

என்னைக் கேட்கறீங்களா. நான் என்ன நினைக்கறேன்னா?

அப்படி யாரும் கேட்டதில்லைங்க.

ஒண்ணு சொல்றேன், அவர்கிட்டச் சொல்லிடாதீங்க. கழட்டிப் பார்க்கறதுன்னா எப்படின்னு எனக்கும்தான் தெரியுமே, அத்தனை நாள் கூடவே இருந்தேன். போன வாரம், அந்த ஹாரன் அடிச்ச மறுநாள், அவர் எர்த்து ஒயர் வாங்க டவுனுக்குப் போயிருந்தார். அத்தை காட்டில். இவ இந்தப் பலகையில் உட்கார்ந்து உரிச்சுப் போட்ட கடலைத்தொப்பையை அடுக்கிட்டு இருந்தா. முதலில் தட்டினேன், திரும்பினா. அப்புறம் இவளைத் தூக்கி மண்ணில் வெச்சுட்டு, பலகையை எடுத்துச் சுவரோரம் சாத்திட்டேன். இவ முதுகுக்குப் பின்னாடி உட்கார்ந்து மண்ணில் தட்டினேன். இன்னொரு தடவை தட்டினேன். அப்புறம் கூப்பிட்டேன். நான் சத்தமாக் கூப்பிட்டது அதுதாங்க முதல் தடவை. எனக்கே என் குரல் யாரோ மாதிரி இருந்தது. சந்து முனை வரைக்கும் கேட்டிருக்கும்.

பலகையை மறுபடி எடுத்துப் போட்டேன். இவளை மேலே உட்கார வெச்சேன். தட்டினேன். திரும்பிச் சிரிச்சா.

அதுக்கப்புறம் இதை நான் எடுக்க விடலை. பாக்ஸுக்கு அடியில் விரிக்கணும்னு கேட்டார், கொடுக்கலை. அவரும் ஏன்னு கேட்கலை. பார்த்துட்டுப் போயிட்டார். ராத்திரியில் இதைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் போட்டுக்கறேன்.

காய் கொஞ்சம்தான் பாக்கி. இருந்து காபி குடிச்சுட்டுப் போங்க, நான் போய்...

அதோ, வண்டிக்குள்ளிருந்து அவர்தான் இவளைக் கூப்பிடறார். தாரிகா, தாரிகான்னு. தினமும் இந்த நேரத்துக்குக் கூப்பிடுவார், பின்னாடி இருந்து. எப்பவும் அவர் கூப்பிட்டா நான் பலகையில் ஒரு தட்டுத் தட்டிடுவேன். இவ திரும்பிடுவா. அவர் பார்த்துட்டு மறுபடி உள்ளே குனிஞ்சுக்குவார்.

இல்லைங்க, இன்னைக்கு நான் தட்டலை. கை ரெண்டும் மடியில்தான் இருக்கு. பாருங்க, நல்லாப் பாருங்க.

மறுபடியும் கூப்பிடறார்.

இவ காய் ஆட்டிட்டு இருக்கா. காதில் வெச்சு.

இப்போ என்னைக் கூப்பிடறார். வந்து ஏறி மிதின்னு. இதா வர்றனுங்க. நர்ஸம்மா, நீங்களும் என் கூட வாங்க, என்னாலே தனியாச் சொல்ல முடியாது. சீட்டு மாட்டாட்டியும் பரவாயில்லை, நாளைக்கு ஈரோடு போறப்ப வெறும் தகரத்திலேயே உட்கார்ந்துக்கறேன், இந்தப் பலகையைப் போட்டு இவளை மடியில் வெச்சுக்கறேன், எர்த்துக் கோளாறு அன்னைக்கே போயிடுச்சு, இனிமேல் அந்த வண்டியில் தேடறதுக்கு ஒண்ணும் இல்லைன்னு எனக்கும் தெரியும்னு, இதா வர்றனுங்க, நீங்க அவர்கிட்டச் சொல்லுங்க.